தட்டில் இருப்பது திரையில் தெரிகிறது!

நாளைக் காலை லேபில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றால், இன்று இரவு பல வீடுகளில் சோறு கிடையாது. இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவார்கள். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களாகவே காபியில் சர்க்கரை குறைந்திருக்கும், விட்டுப்போன நடைப்பயிற்சியும் திரும்ப வந்திருக்கும். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ஊசி குத்திக்கொள்வார்கள். ரிப்போர்ட்டில் எண்கள் கொஞ்சம் இறங்கியிருந்தால் குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடும். மறுநாள் முதல் எல்லாம் பழையபடி.

ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். அந்த இரண்டு ஊசிகள் காட்டுவது இரண்டு நிமிடங்களின் நிலவரம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் சர்க்கரை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, நடுராத்திரியில் என்ன ஆனது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையிலும் இந்தக் குறை உண்டு. 7 சதவிகிதம் என்று வந்தால் சராசரிச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 154 மில்லிகிராம் என்று பொருள். நாள் முழுக்க 150-ஐ ஒட்டியே இருந்தவருக்கும் அந்த எண் வரும். 60-க்கும் 250-க்கும் இடையே தினமும் ஏறி இறங்கியவருக்கும் அதே எண் வரலாம். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனையே தவறான முடிவைக் காட்டுவதும் உண்டு.

மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. யாருக்கு அது எப்போதும் தேவை, யாருக்கு எப்போதாவது போதும் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு இப்போது விடை தேடியாக வேண்டும். ஏனென்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. நீரிழிவின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். தேசிய அளவில் பெரியவர்களில் 11.4 சதவிகிதம் பேருக்கு இந்த நோய் என்றால், தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம்.

ஐந்து மில்லிமீட்டர் இழை

பரவலாகப் பயன்படும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகை சென்சார், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட வில்லை. அதன் அடியில் சுமார் 5 மில்லிமீட்டர் நீளத்துக்கு, தலைமுடியைவிடத் தடித்த ஒரு வளையும் இழை இருக்கும். மேல்கையின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினால் அந்த இழை தோலுக்குக் கீழே போய் உட்காரும். பெரும்பாலானோருக்கு ஒரு சின்னக் குத்தல்தான். இழையின் மேலுள்ள நொதி, செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரிய, அதில் உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றி மொபைலுக்கு அனுப்பும். 14 நாட்கள் முடிந்ததும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட வேண்டும்.

நொதியைக் கொண்டு குளுக்கோஸை மின்முறையில் அளக்கலாம் என்று அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால், தொடர்ந்து அளக்கும் முதல் கருவிக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1999-ல்தான். மூன்று நாட்கள் அதை அணிந்திருக்கலாம். ஆனால், எண்களை நோயாளியால் பார்க்க முடியாது. கழற்றிய பிறகு மருத்துவர் கணினியில் இறக்கிப் பார்ப்பார். தினமும் விரலைக் குத்திச் சரிபார்க்கும் தேவை இல்லாத லிப்ரே ஐரோப்பாவில் 2014-ல் வந்த பிறகுதான் இந்தத் தொழில்நுட்பம் சாதாரண மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பிரிட்டன் பிரதமராக இருந்த தெரசா மே, உடலில் இன்சுலின் சுரக்காத வகையான டைப் 1 நீரிழிவு உள்ளவர். மேல்கையில் சென்சார் வெளியே தெரியும்படியே அவர் பொது நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார்.

காபி முதல் ராச்சாப்பாடு வரை

சென்சாரை முதல்முறை போட்டவர்களை வியக்க வைப்பது பெரும்பாலும் விடியற்காலைக் கோடுதான். ஒன்றுமே சாப்பிடாமல் மூன்று, நான்கு மணியிலிருந்து சர்க்கரை மெல்ல ஏறத் தொடங்கும். உடல் விழித்தெழத் தயாராகும்போது சுரக்கும் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கல்லீரலைத் தூண்டி, சேமித்து வைத்த குளுக்கோஸை வெளியே விடச் செய்கின்றன. இது தெரியாமல், "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலையே, காலையில எப்படி 160?" என்று குழம்புகிறவர்கள் ஏராளம். இன்னும் கொஞ்சம் பட்டினி கிடந்து இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்களும் உண்டு. இன்சுலின் போடுபவர்களுக்கோ, காலை எண் உயர்ந்திருந்தாலும் இரவில் சர்க்கரை தாழ்ந்து போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. எது நடந்தது என்று அறிய, முன்பெல்லாம் இரண்டு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து விரலைக் குத்த வேண்டியிருந்தது.

அடுத்து காலைப் பலகாரம். புழுங்கலரிசியும் உளுந்தும் மைய அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வெந்த இட்லி வயிற்றுக்கு எவ்வளவு இதமோ, அவ்வளவு வேகமாகச் செரிக்கும். நாலு இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கோடு செங்குத்தாக ஏறுவது பலருடைய திரையில் தெரியும். நெய் மணக்கும் வெண்பொங்கலில் ஏற்றம் சற்றுத் தாமதமாக வரலாம், ஆனால் சட்டென்று இறங்காது. கொழுப்பு, வயிறு காலியாவதை மெதுவாக்குவதே காரணம். "சுகருக்கு நல்லது" என்று பெயர் வாங்கிய உணவுகளும் இங்கே சோதனைக்கு வருகின்றன. நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழ், சர்க்கரை போடாத பழச்சாறு, உடனே கரையும் ஓட்ஸ் ஆகியவை சிலருக்குச் சோற்றுக்குச் சமமாக ஏற்றிவிடும். ராத்திரி சோற்றை விட்டுவிட்டு நாலு சப்பாத்திக்கு மாறியவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்காததற்கும் விளக்கம் கிடைக்கும். கோதுமையிலும் மாவுச்சத்துதானே இருக்கிறது!

எல்லோருக்கும் ஒரே உணவு ஒரே மாதிரி ஏறுவதில்லை என்பதால்தான் இந்தக் கருவிக்கு இவ்வளவு மதிப்பு. பொதுவான உணவுப் பட்டியல் எத்தனை கையில் இருந்தாலும், தன் உடம்பு தன் வீட்டு இட்லிக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதை அவரவர் திரைதான் காட்டும்.

தீர்வையும் அதே திரையில் சோதித்துப் பார்க்கலாம். மதியம் சோற்றில் கை வைக்கும் முன் பொரியல், கூட்டு, முட்டை, சுண்டல் போன்றவற்றை முதலில் சாப்பிட்டு, சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை பரிமாறும் சோற்றை இரண்டாக்கிப் பார்க்கலாம். காய்கறியும் புரதமும் முன்னே போனால், பின்னால் வரும் மாவுச்சத்தின் ஏற்றம் தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் அப்படித்தான். வேலை செய்யும் தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்வதால் கோடு வளைவது அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். மருத்துவர் பத்து வருடமாகச் சொல்லியும் நடக்காதவர், இதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

எண்ணும் அம்பும்

திரையில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று எண், மற்றொன்று அதன் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி. 110 என்ற எண் மட்டும் இருந்தால் கவலையில்லை. அதே 110-க்குப் பக்கத்தில் அம்பு செங்குத்தாகக் கீழே காட்டினால், இன்சுலின் போட்டுக்கொண்டவர் பைக்கை எடுக்கும் முன் யோசிக்க வேண்டும். இன்னும் சிறிது நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் வரக்கூடும்.

நீண்டகாலப் பார்வைக்கு மருத்துவர்கள் கேட்பது, சர்க்கரை எவ்வளவு நேரம் எல்லைக்குள் இருந்தது என்ற கணக்கு. 2019-ல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த வரையறைப்படி, பெரும்பாலான நோயாளிகளுக்கு 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் 70 சதவிகிதத்துக்கும் அதிகமான நேரம் இருக்க வேண்டும். அதாவது ஒரு நாளில் ஏறக்குறைய 17 மணி நேரம். 70-க்குக் கீழே இருப்பது 4 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. முதியவர்களுக்கு இலக்கு தளர்த்தப்படும். அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து விழுவதே பெரிய ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு எல்லை இன்னும் இறுக்கமானது.

தாழ்சர்க்கரையின் போது ஒரு நுணுக்கம் முக்கியம். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, திசுத் திரவத்தை. ரத்தத்தில் நிகழும் மாற்றம் அங்கே வந்துசேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்த பிறகும் திரை தாழ்வாகவே காட்டும். பயந்துபோய் மேலும் மேலும் இனிப்பு சாப்பிட்டால், ஒரு மணி நேரத்தில் 250-ஐத் தொட்டுவிடும். பதினைந்து நிமிடம் பொறுத்து, விரலில் குத்திப் பார்த்து முடிவெடுப்பதே சரி. உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகாத எந்த நேரத்திலும் குளுக்கோமீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

போட்ட முதல் நாளில் எண்கள் கொஞ்சம் தடுமாறலாம். சென்சார் இருக்கும் கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால், அழுத்தத்தால் பொய்யான தாழ்வு காட்டும். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்கள் கூடுதலாகக் காட்டும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் ஒட்டு கழன்றுவிடுவது சகஜம், சிலருக்குத் தோல் அரிக்கவும் செய்யும்.

தூங்கும்போது காக்கும் கருவி

டைப் 1 உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உயிர் காக்கும் காவல். தீவிரமாகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகள் பெருமளவு குறையும் என்று 1993-ல் வெளியான அமெரிக்க ஆய்வு நிரூபித்தது. ஆனால், கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு ஆகும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அந்தப் பயத்தாலேயே எத்தனையோ பெற்றோர், பிள்ளையின் சர்க்கரையைச் சற்று உயர்த்தியே வைத்துவிட்டுப் படுக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற பொறியாளர், நீரிழிவு உள்ள தன் சிறுவயது மகன் பள்ளியில் இருக்கும்போதும் அவனுடைய சென்சார் எண்களைப் பார்க்க விரும்பினார். சென்சார் நிறுவனம் அந்த வசதியைத் தரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 2013-ல் தானே நிரல் எழுதிக்கொண்டார். சியாட்டிலில் தனியே வசித்த, டைப் 1 உள்ள டானா லூயிஸுக்கு வேறு பிரச்னை. ஆழ்ந்து தூங்கும் அவரை எழுப்பும் அளவுக்கு சென்சாரின் அலாரம் சத்தமாக இல்லை. காஸ்டிக்கின் நிரலை வைத்து உரத்த அலாரம் ஒன்றை உருவாக்கினார். தன் துணைவர் ஸ்காட் லெய்ப்ராண்டுடன் சேர்ந்து அடுத்த ஆண்டிலேயே சென்சாரையும் இன்சுலின் பம்பையும் இணைத்து, பம்ப் தானே அளவை மாற்றிக்கொள்ளும் அமைப்பை ஓட்டிக் காட்டினார். அந்த வடிவமைப்பை எவரும் பயன்படுத்தும்படி 2015-ல் இலவசமாக வெளியிட்டார்கள். இதே வேலையைச் செய்யும் முதல் வணிகக் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016-ல்தான். தொழில்நுட்பம் வேகம் பிடித்ததில் நோயோடு வாழ்பவர்களின் பங்கு பெரியது.

யாருக்கு வேண்டும்?

இந்தியாவில் ஒரு சென்சார் நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. இடைவிடாமல் போட்டால் ஆண்டுக்கு 26 தேவை. செலவு லட்சத்தைத் தாண்டும். மாத்திரையிலேயே சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு இது தேவையற்ற சுமை. மருத்துவரோடு பேசி, வருடத்தில் ஓரிரு முறை 14 நாட்கள் போட்டு, சாப்பிட்டது, நடந்தது, தூங்கியது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்து, வரைபடத்தோடு சேர்த்து அலசினாலே போதுமான பாடம் கிடைத்துவிடும். குறிப்பெழுதாமல் எண்ணை மட்டும் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் கவலைதான் மிஞ்சும். நீரிழிவே இல்லாதவர்கள் ஆர்வத்துக்காக அணிவதால் பெரிய பலன் உண்டு என்பதற்கு இதுவரை வலுவான சான்று இல்லை. தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாக விற்கப்படும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது.

இன்சுலினை நம்பி இருப்பவர்களின் கதை வேறு. டைப் 2 உள்ள, நாளுக்கு ஓரிரு முறை நீண்டநேர இன்சுலின் மட்டும் போடும் 175 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு மாதங்களில் சென்சார் அணிந்தவர்களின் ஹெச்பிஏ1சி சராசரி 9.1-லிருந்து 8.0 ஆக இறங்கியது. விரலில் குத்திப் பார்த்தவர்களுக்கு 9.0-லிருந்து 8.4 வரைதான் இறங்கியது. டைப் 1 உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு மருத்துவச் சேவை மூலம் சென்சார் வழங்க வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டு அமைப்பு 2022-ல் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டிலும் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 1948-லேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார் பேராசிரியர் எம்.விஸ்வநாதன். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டம், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. இந்த மாநிலம் அடுத்த அடியை டைப் 1 குழந்தைகளிடமிருந்து எடுத்துவைக்க வேண்டும். அவர்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் விடாமல், இன்சுலினோடு சேர்த்து சென்சாரையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெற வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே அதற்கு நிதி ஒதுக்குங்கள்.