மின்பெட்டியில் இருக்கும் சின்னப் பொத்தான்

மழை பிடித்த மாலை. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் 'டப்'பென்று போய்விடுகிறது. ஏன் தெரியுமா நேயர்களே?

ரந்தாவ், லாபு, பகாவ் என்று எந்தத் தோட்டப்புறமானாலும் வீட்டு மின்பெட்டியைப் பாருங்கள். 'டி' என்ற எழுத்துப் பொத்தானோடு ஒரு சுவிட்ச் இருக்கும். பெரும்பாலும் அதுதான் விழுந்திருக்கும்.

அது ஏன் விழுகிறது? கரண்ட் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். 1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டுசொன்ன உண்மை இது. அந்த சுவிட்சுக்குள் ஒரு காந்த வளையம். வீட்டுக்குள் போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் அதன் ஊடாகத்தான் ஓடுகின்றன. இரண்டும் சமமென்றால் காந்த விளைவு ஒன்றையொன்று அடித்துவிடும். ஈரச் சுவரிலோ மனித உடலிலோ கரண்ட் கசிந்தால் கணக்கு இடிக்கும். வளையத்தில் காந்தப்புலம் எழும். கண்ணிமைக்கும் நேரத்தில் சுவிட்ச் விழும்.

சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, மாதம் ஒருமுறை அந்த 'டி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழாவிட்டால், தாமதிக்காமல் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.