ஒற்றைச் சிறுநீரகத்துடன் மண்வெட்டி பிடிக்கலாமா?

சிறுநீரகம் பழுதடைந்த ஒருவரின் வீட்டில், உறவினர் ஒருவர் தமது சிறுநீரகத்தைக் கொடுப்பது பற்றிப் பேச்சு எழும்போது, முதலில் வரும் கேள்வி சத்திரசிகிச்சையின் வலியைப் பற்றியதல்ல. கொடுத்த பிறகு வயலுக்குள் இறங்க முடியுமா என்பதே அது. கேட்பவர் நோயாளியின் தம்பியாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். ஏற்கெனவே ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். உழைக்கும் மற்றவரும் விழுந்துவிட்டால் வீட்டில் இரண்டு நோயாளிகள். பல தடவை இடம்பெயர்ந்து, கடைசியாகக் கிடைத்த காணியைக் கையாலேயே வெட்டித் திருத்திய குடும்பங்களுக்கு உடம்பைத் தவிர வேறு முதல் கிடையாது. ஆகவே இக்கேள்வியைக் கோழைத்தனம் என்று நாம் எண்ணுவதில்லை. அதற்கு நேரான பதில் சொல்லப்பட வேண்டும்.

கேள்வி எமக்குத் தூரமானதுமல்ல. 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட நீடித்த சிறுநீரக நோய், சலரோகமோ பிரசரோ இல்லாத கமக்காரரையே அதிகம் பிடித்தது. மதவாச்சி, பதவியா என்று பேசப்பட்ட நோய் பின்னர் வவுனியாவிலும் பேசப்பட்டது. அதற்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மாத்திரம் இன்றுவரை எவரும் நிறுவவில்லை. இரு சிறுநீரகங்களும் செயலிழந்தால் இயந்திரத்தின் மூலம் குருதியைச் சுத்திகரிக்க வேண்டும், அல்லது இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்த வேண்டும்.

கடவுள் எமக்கு இரண்டு சிறுநீரகங்களைத் தந்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கைப்பிடி அளவு. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது சும்மா இருப்பதில்லை. அது சற்றுப் பருத்து, கூடுதலான வேலையைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறது. சில மாதங்களில், இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கை அது தனியாகவே செய்யத் தொடங்கும். சோடி மாட்டில் ஒன்று போனால் மற்றது பாதி வயலைத்தான் உழும். சிறுநீரகத்தின் கணக்கு அப்படியல்ல. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்துடனேயே பிறக்கிறார். வேறு எதற்காகவோ ஸ்கான் எடுக்கும்வரை அது தெரியாமலே பலர் வாழ்ந்து வருகிறார்கள்.

போரைக் கண்டவர்கள் நாம். எனவே ஓர் ஆய்வை இங்கே சொல்வது பொருத்தம். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து ஒரு சிறுநீரகத்தை இழந்த 62 அமெரிக்கப் படைவீரரின் வாழ்வை வைத்தியர்கள் 45 வருடங்கள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் உள்ள ஏனைய வீரரைவிட அவர்கள் முந்தி இறக்கவில்லை என்பதே 1993 இல் வெளியான முடிவு. இவர்கள் விரும்பிக் கொடுத்தவர்களல்லர், இழந்தவர்கள். என்றாலும் உடம்பு என்ன செய்யும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

விரும்பிக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ரொனால்ட் ஹெரிக். அமெரிக்காவில் ஒரு கமத்தில் வளர்ந்தவர். அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு 1954 இல் இரு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. அப்போது ரொனால்டுக்கு 23 வயது. மற்றவரின் உறுப்பை உடம்பு தள்ளிவிடாதபடி தடுக்கும் மருந்துகள் அந்நாளில் இல்லை. உருவில் மட்டுமல்ல, உடம்பின் அமைப்பிலும் இருவரும் ஒன்றானவர்கள்தானா என்று அறிய, ஒருவரின் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். பொலிஸ் நிலையத்தில் கைரேகைகூட எடுத்தார்கள். வைத்தியரின் சத்தியப் பிரமாணம் எவருக்கும் தீங்கு செய்யாதே என்கிறது. சுகமாயிருக்கும் ஒருவரைக் கத்தியால் வெட்டி உறுப்பை எடுக்கலாமா என்று பல சமயத் தலைவர்களிடமும் ஆலோசனை கேட்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவு ரிச்சர்டே தம் சகோதரருக்கு ஒரு துண்டு எழுதி, எழும்பி வீட்டுக்குப் போ என்றாராம். போகமாட்டேன், இங்கேயே இருப்பேன் என்று ரொனால்ட் பதில் எழுதினார்.

1954 டிசம்பர் 23 ஆந் திகதி பொஸ்ரன் நகரில் ஜோசப் மறே என்ற வைத்திய நிபுணரும் அவரது குழுவினரும் அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தார்கள். நீண்டகாலம் வெற்றி தந்த முதலாவது சிறுநீரக மாற்று இதுவே. மறே 1990 இல் நோபல் பரிசு பெற்றார். ரிச்சர்ட் தம்மைப் பராமரித்த தாதியையே மணந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையாகி, மேலும் 8 வருடங்கள் வாழ்ந்தார். ரொனால்ட் கணித ஆசிரியரானார், கமத்தையும் விடவில்லை. கொடுத்தபின் 56 வருடங்கள் வாழ்ந்து, இருதய சத்திரசிகிச்சை ஒன்றின் பின்னர் 2010 டிசம்பரில், 79 ஆவது வயதில் காலமானார்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். கொடுப்பதில் ஆபத்து உண்டு. 1994 முதல் 2009 வரை அமெரிக்காவில் கொடுத்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில், சத்திரசிகிச்சையை அடுத்த 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு 3 பேர். அண்மைய வருடங்களில் இது பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. பின்னாளில் தமக்கே சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்தும் உண்டு. 2014 இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, கொடுத்து 15 வருடங்களுக்குள் இந்நிலைக்கு வந்தவர்கள் பத்தாயிரத்துக்கு 31 பேர். அவர்களைப் போலவே சுகமாயிருந்தும் கொடாதவர்களில் இது 4 பேர். பத்தாயிரத்தில் 31 பேர் சிறு தொகைதான். ஆனால் 4 உடன் ஒப்பிட்டால் பல மடங்கு. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு.

இத்தொகைகள் நன்றாகப் பரிசோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களைப் பற்றியவை. பரிசோதனையும் பின்பராமரிப்பும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை ஓர் உதாரணம். அங்கு கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற 305 பேரை 2001 இல் கண்டு விசாரித்தார்கள். விற்றுச் சராசரி ஆறு வருடங்கள் கழிந்திருந்தன. 96 வீதத்தினர் கடனை அடைக்கவே விற்றவர்கள். பேசிய தொகையிலும் குறைவாகவே கையில் கிடைத்தது. கடனுக்காக விற்றவர்களில் 74 வீதத்தினர் விசாரித்த நாளிலும் கடனாளிகளாகவே இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. 86 வீதத்தினர் தமது சுகம் கெட்டுவிட்டதென்றார்கள்.

ரொனால்டும் ஒன்றைத்தான் இழந்தார். இவர்களும் ஒன்றைத்தான் இழந்தார்கள். வித்தியாசம் எங்கே? சிறுநீரகத்தில் இல்லை என்பது எமது எண்ணம். ஓய்வெடுக்க வசதியில்லாமல், புண் ஆறுமுன் கூலிக்குப் போய், பிறகு எந்த வைத்தியரையும் காணாமல் வாழ்ந்ததில் இருக்கிறது. தரகன் காசைக் கொடுத்தபின் ஆளை அறியமாட்டான். இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின்படி உறுப்பு விற்பனை குற்றமாகும். கடனில் மூழ்கியிருக்கும் வேளையில் அன்பாகப் பேசிக்கொண்டு வருபவர்களைப் படலையிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இனி, உறவுக்காக மனமுவந்து கொடுக்க நினைப்பவருக்குச் சில காரியங்கள்.

முதலாவது பரிசோதனை. அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் குடித்து ஒரே வெயிலில் உழைத்தவர்கள். அண்ணனைப் பிடித்த நோய் தம்பியிடமும் வெளித்தெரியாமல் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் இந்நோய்க்கு வலியோ வீக்கமோ இல்லை. ஆகவே எமது பகுதிகளில் குருதி, சிறுநீர்ப் பரிசோதனையை ஒரு சடங்காக எண்ணி அவசரப்படக்கூடாது. சலரோகம் உள்ளவரும், சிறுநீரில் அல்புமின் போகிறவரும் கொடுக்கத் தகுதியற்றவர்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டால் அதை அவமானமாகக் கொள்ள வேண்டாம். அவருக்கு அது வேளையோடு கிடைத்த எச்சரிக்கை.

காலத்தையும் யோசிக்க வேண்டும். ஆறு கிழமைக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. மண்வெட்டி வேலைக்கும் நெல்மூடை சுமப்பதற்கும் பொதுவாக மூன்று மாதமாவது விடவேண்டும். விலாப்பக்கம் பெரிதாக வெட்டிச் செய்தால் இன்னும் கூட. அவசரப்பட்டால் வெட்டிய இடத்தில் தசை விட்டுக்கொடுத்துக் குடலிறக்கம் வரும். நோயாளியின் நிலைமை இடங்கொடுத்தால், வைத்தியருடன் பேசி, காலபோக அறுவடை முடிந்த கையோடு சத்திரசிகிச்சையை வைத்துக்கொள்வது கமக்காரருக்கு வாய்ப்பானது. சிறுபோகத்தில் அவர் வயலை யார் பார்ப்பது? ஒருவர் வயலில் ஒருவர் முறைவைத்து வேலை செய்யும் பழக்கம் எம்மிடம் உண்டு. கமக்காரர் சங்கக் கூட்டத்தில் முன்கூட்டியே இதைப் பேசி முடிவெடுத்தால், கொடுப்பவர் பாதிப் புண்ணோடு வரம்பில் நிற்க வேண்டியிராது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். பல நாடுகளில் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் விருப்பத்தோடு கொடுக்கிறார்களா, வீட்டின் பார்வைக்குப் பயந்து கொடுக்கிறார்களா என்று யார் கேட்கிறார்கள்? மயக்க மருந்து ஏற்றும் கணம்வரை மாட்டேன் என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. வெளியே சொல்ல முடியாதவர் வைத்தியரைத் தனியே கண்டு சொல்லலாம். தகுதியில்லை என்று மட்டும் குடும்பத்துக்கு அறிவித்துவிடும் வழக்கம் வைத்தியர்களிடம் உண்டு. கொடுத்தபின் பிள்ளைப்பேறு தடையில்லை. ஆனால் கர்ப்பகாலத்தில் பிரசர் ஏறும் வாய்ப்புக் கூடுகிறது. 2015 இல் வெளியான கனேடிய ஆய்வொன்றில் அது கொடாதவர்களுக்கு 5 வீதமாகவும் கொடுத்தவர்களுக்கு 11 வீதமாகவும் இருந்தது. எனவே கிளினிக்கில் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொடுத்தவருக்கு விசேட சாப்பாடு தேவையில்லை. சோறும் மீனும் மரக்கறியும் போதும். உப்பை மட்டும் குறைக்கவும். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ளது இந்தக் கணக்கில் சேரும். வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர்ப் போத்தல் வரப்பிலிருக்கட்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதாது. நாரி நோவுக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனக், இபுபுரூஃபன் போன்ற குளிசைகள் இவருக்கு ஆகாதவை. நோவுக்குப் பரசிற்றமோல், அதுவும் அளவோடு. நாட்டு மருந்திலும் கவனம் தேவை. ஆடுதின்னாப்பாளை சேர்ந்தவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வயலில் வேறு இரண்டு எதிரிகள் உண்டு. எலிக்காய்ச்சலும் கண்ணாடிப் புடையன் கடியும் நேரே சிறுநீரகத்தைத் தாக்குபவை. இரண்டு உள்ளவருக்கே அவை ஆபத்து. கொடுத்தவர் காலில் புண்ணோடு சேற்றில் இறங்கக்கூடாது. சப்பாத்து இல்லாமல் புல் வெட்டக்கூடாது. காய்ச்சல் கண்டால் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போவோம் என்றிராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய், எனக்கு ஒரு சிறுநீரகம்தான் என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை பிரசர், குருதியில் கிரியற்றினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான் செலவு. நன்றாயிருக்கிறேனே, ஏன் போவான் என்று மூன்றாம் வருடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பிரசர் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இடம்பெயரும்போது முதலில் தொலைவது கடதாசிகள்தான் என்பதை எம் வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எந்தப் பக்கத்துச் சிறுநீரகம் எடுக்கப்பட்டது, எந்தத் திகதியில், எந்த வைத்தியசாலையில் என்ற விபரம் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் இருக்கட்டும். கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி, காணி உறுதியும் அடையாள அட்டையும் இருக்கும் பையிலேயே வையுங்கள்.