குடல் சுவரின் காவலர்கள்

காலில் முள் தைத்தால் மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். முள்ளோடு புகுந்த பாக்டீரியாக்களை வெள்ளை அணுக்கள் எதிர்த்துப் போராடுவதன் அடையாளம் அது. இதை அழற்சி என்கிறோம்.

நம் குடலிலோ கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் உடலின் உட்பகுதிக்கும் நடுவே உள்ள சுவரின் தடிமன் எவ்வளவு தெரியுமா? ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தாம். அதன்மேல் ஒரு சளிப்படலம். அப்படியிருந்தும் குடல் ஏன் எப்போதும் வீங்கிக் கிடப்பதில்லை?

சுவருக்கு அடியில் காவல் இருக்கும் பெருவிழுங்கிகள் என்னும் செல்கள் பொறுமைசாலிகள். தப்பி வரும் ஓரிரு பாக்டீரியாக்களை ஓசையின்றி விழுங்கிவிடும். சுவரில் புண் ஏற்பட்டுக் கிருமிகள் திரளாகப் புகுந்தால் நிலைமை மாறுகிறது. காயம்பட்ட செல்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. உடனே இரத்தத்திலிருந்து புதிய வெள்ளை அணுக்கள் விரைந்து வந்து, டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது மேலும் பல வெள்ளை அணுக்களை வரவழைக்கிறது. அவையும் அதையே சுரக்கின்றன. இதற்கிடையே, கிளை போன்ற நீட்சிகளை உடைய வேறு வகைச் செல்கள் கிருமியின் துணுக்கை ஏந்தி நிணநீர் முடிச்சுக்குச் சென்று, அதற்குப் பொருத்தமான டி செல்களை எழுப்புகின்றன.

ஒலிபெருக்கிக்கு நேரே மைக்கைக் காட்டிப் பாருங்கள். பெருகிய ஒலி மீண்டும் மைக்கில் நுழைந்து, மேலும் பெருகி, முடிவில் ஒரே அலறல்தான்! அழற்சியும் இப்படித்தான் தன்னைத்தானே வளர்க்கிறது. அதைத் தணிக்க ஒரு குமிழ் வேண்டும்.

இன்டர்லூகின்-10 என்ற புரதம் அத்தகைய குமிழ். 1993இல் ஜெர்மனியின் கொலோன் நகர விஞ்ஞானிகள், இப்புரதத்தை உண்டாக்க இயலாத சுண்டெலிகளை உருவாக்கினர். அவற்றின் குடல் தீராத அழற்சிக்கு உள்ளாயிற்று. பின்னர் இத்தகைய சுண்டெலிகளைக் கிருமிகளே இல்லாத சூழலில் வளர்த்தபோது, நோய் தோன்றவில்லை! மற்ற சுண்டெலிகளுக்குத் தீங்கு செய்யாத பாக்டீரியாக்களே, குமிழ் இல்லாத சுண்டெலிகளுக்கு எமனாகிவிட்டன.

பிறந்த முதல் ஆண்டிலேயே கடும் குடல் அழற்சிக்கு ஆளாகும் குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுள் சிலரிடம், இன்டர்லூகின்-10இன் செய்தியை வாங்கும் ஏற்பி பழுதாக இருப்பது 2009இல் தெரியவந்தது. வெள்ளை அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில் அல்லவா? எனவே ஒரு குழந்தைக்கு, நலமான ஒருவரின் இரத்த மூலச்செல்கள் செலுத்தப்பட்டன. பழுதற்ற புதிய அணுக்கள் தோன்றின, நோய் அடங்கியது.

கிரோன் நோய் என்னும் குடல் அழற்சிக்கு, டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் மருந்து 1998 முதல் பயன்படுகிறது. இது ஒலிபெருக்கியின் கம்பியைத் துண்டிப்பது போன்றது. அலறல் நிற்கும், ஆனால் தேவையான எச்சரிக்கையும் கேட்காமல் போகலாம். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை அடக்கி வைக்கவும் அதே புரதம் வேண்டும். ஆகவேதான் அம்மருந்தைத் தருமுன், காசநோய் உண்டா என்று மருத்துவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள்.