ஹேர் எக்ஸ்டென்ஷன்: கிளிப்பா, டேப்பா, ரிங்கா... உங்கள் முடி எதைத் தாங்கும்?

முகூர்த்த சீசன் தொடங்கினால் பியூட்டி பார்லர்களில் ஹேர் எக்ஸ்டென்ஷன் பற்றிய விசாரிப்பும் கூடிவிடும். நிறம் பொருந்துமா, இடுப்பு வரை வருமா, எவ்வளவு ஆகும்? பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. வாங்குகிற முடியைச் சொந்த முடியோடு எப்படி இணைக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். ஒரு செட் முடி 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். அந்தக் கனத்தைத் தாங்கப்போவது உங்கள் வேர்க்கால்கள்.

இணைப்பு முடி நம் ஊருக்குப் புதுசு இல்லை. சவுரி வைத்துப் பின்னுவது பாட்டி காலத்துப் பழக்கம். பகலில் வைத்துப் பின்னி, ராத்திரி கழற்றி மாட்டிவிடுவார்கள். தினமும் கழற்றியதால் வேர்க்காலுக்கு ஓய்வு கிடைத்தது. இன்றைய முறைகளையும் இதே அளவுகோலில் பிரிக்கலாம்: அன்றன்றே கழற்றுவது, வாரக்கணக்கில் தலையிலேயே இருப்பது.

ஒரு நாளுக்கா, ரெண்டு மாசத்துக்கா?

அன்றன்றே கழற்றுவது கிளிப்-இன். முடிப் பட்டையில் சின்னச் சின்ன கிளிப்புகள் தைக்கப்பட்டிருக்கும். வகிடு எடுத்து, வேர்ப்பக்கம் லேசாகப் பின்னோக்கிச் சீவி, கிளிப்பை அழுத்தினால் போதும். பழகிவிட்டால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். தூங்கும்போது மட்டும் கட்டாயம் கழற்ற வேண்டும்.

கல்யாணம், ரிசப்ஷன், போட்டோஷூட் என்றால் இதுவே தாராளம். ஒரு நாள் விசேஷத்துக்காக மூன்று மாதம் நிற்கும் முறையைப் போட்டுக்கொள்வது, ஒரு வேளை பந்திக்காக வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரி. மணப்பெண் ஜடைக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. குஞ்சலம், ஜடைபில்லை, முழம் முழமாகப் பூ எல்லாமே அதே முடியில்தான் தொங்கும். கிளிப்புகளை நெற்றியோரம் போடாமல், பின்தலையில் பல இடங்களில் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் இருப்பவற்றில் அதிகம் கேள்விப்படுவது டேப்-இன். சொந்த முடியில் மெல்லிய ஒரு அடுக்கை எடுத்து, மேலும் கீழும் பசை டேப் ஒட்டி, சாண்ட்விச் போல அழுத்துவார்கள். ஒரு டேப் ஏறத்தாழ 4 செ.மீ. அகலம் இருப்பதால் கனம் பரவிவிடுகிறது. மெல்லிய, நேரான முடிக்கு மற்றவற்றைவிட இது பொருந்தும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால் டேப்பும் கீழே இறங்கும். 6 முதல் 8 வாரத்தில் கழற்றி மேலே ஏற்ற வேண்டும்.

இதில் நம்மவர்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் எண்ணெய். டேப்பின் பசையை எண்ணெய் இளக்கிவிடும். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலைத் தவறவிடாதவர்களுக்கும், தினமும் தேங்காய் எண்ணெய் தடவாமல் வெளியே கிளம்பாதவர்களுக்கும் டேப் ஒத்துவராது. வேர்ப்பக்கம் கண்டிஷனர் படுவதும் கூடாது. போட்ட முதல் ரெண்டு நாள் தலைக்குக் குளிக்கவும் கூடாது. வியர்வை அதிகமுள்ளவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மைக்ரோ ரிங் முறையில் பசையும் இல்லை, சூடும் இல்லை. உள்ளே சிலிக்கான் பூச்சுள்ள சின்ன அலுமினிய வளையத்தில் சொந்த முடியையும் இணைப்பு முடியையும் சேர்த்து நுழைத்து, இடுக்கியால் நசுக்குவார்கள். ரெண்டு, மூணு மாதத்தில் மேலே ஏற்ற வேண்டும். டேப் போல இதில் கனம் பரவாது, ஒரு புள்ளியிலேயே இறங்கும். பத்து இழை சொந்த முடியில் இருபது இழை இணைப்பு முடி தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடர்த்தி குறைந்த தலையில் வளையம் வெளியே தெரியவும் செய்யும்.

கெரட்டின் பாண்ட், சூடான கருவியால் உருக்கிச் சிறு சிறு கொத்தாக ஒட்டுவது. மூன்று, நான்கு மாதம் நிற்கும், பார்க்கவும் இயல்பாக இருக்கும். போட அரை நாள் கூட ஆகலாம். கழற்றும்போது கரைசல் விட்டு, பாண்டைப் பொறுமையாக உடைத்து எடுக்க வேண்டும். அவசரக்கை பட்டால் சொந்த முடியும் சேர்ந்து வந்துவிடும்.

தலையோடு ஒட்டிப் பின்னி, அதில் ஊசி நூலால் தைக்கும் வீவிங், ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் சுருள் முடிக்காக வளர்ந்த முறை. மெல்லிய முடிக்கு வேண்டவே வேண்டாம்.

"ரெண்டு நாள்ல பழகிடும்" என்றால்...

போட்டதும் தலை வலித்தால் சில இடங்களில் சொல்லப்படும் சமாதானம் இது. ஏற்க வேண்டியதில்லை. வலி என்பது வேர் இழுபடுகிறது என்பதற்கான அடையாளம். தொடர்ந்து இழுபட்டு முடி கொட்டுவதை மருத்துவர்கள் டிராக்‌ஷன் அலோபீசியா என்கிறார்கள். இறுக்கிக் கொண்டை போட்ட கிரீன்லாந்துப் பெண்களிடம் இது இருப்பதாக 1907-லேயே பதிவாகியிருக்கிறது. தலைமுடியை இறுக்கி முடிந்துகொள்ளும் சீக்கிய ஆண்களிடமும் காணப்பட்டிருக்கிறது. நெற்றியோரம், காதோரம் முடி மெலிவது, வேரைச் சுற்றிச் சின்னக் கொப்புளம் வருவது ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். அப்போதே கழற்றிவிட்டால் முடி திரும்ப வளரும். அசட்டையாக மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விட்டால் வேர்க்கால் தழும்பாகிவிடும். அதற்குப் பிறகு அங்கே முடி வளராது.

சங்கடம் என்னவென்றால், எக்ஸ்டென்ஷனை அதிகம் விரும்புவது முடி குறைந்தவர்கள், அதைத் தாங்க முடியாததும் அவர்கள்தான். டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் ரெண்டு, மூணு மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் கனத்தைத் தொங்கவிடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். அவர்களும், சோரியாசிஸ், வட்ட வட்டமாக முடி கொட்டும் பிரச்சினை உள்ளவர்களும் முதலில் போக வேண்டிய இடம் தோல் மருத்துவர். விசேஷத்துக்கு அவசரமாகத் தேவையென்றால், இழுவை இல்லாத லேசான விக் போதும்.

முடியும் முக்கியம்

திருமலை, பழனி போன்ற தலங்களில் காணிக்கையாகும் முடி நீளமாகக் கிடைக்கும். வேர்ப்பக்கம், நுனிப்பக்கம் மாறாமல் அடுக்கினால் அது ரெமி முடி. சீப்பில் சிக்கி, தெருவில் பாத்திரக்காரரிடம் போகும் முடியில் திசை மாறி மாறிக் கலந்திருக்கும். அதை அமிலத்தில் முக்கி மேல்செதிலை நீக்கி, சிலிக்கான் பூசிப் பளபளப்பாக்கி விற்பார்கள். நாலைந்து முறை அலசியதும் பூச்சு போய்ச் சிக்கு விழும். சிக்கெடுக்க இழுக்கும் ஒவ்வொரு முறையும் இழுபடுவது சொந்த முடியின் வேர்.

கழற்றும் நாளில் ஒரு கொத்து முடி கையோடு வரும். பார்த்துப் பதறிவிட வேண்டாம். எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடி உதிரும். இணைப்பில் மாட்டிக்கொண்டவை கீழே விழாமல் அங்கேயே தங்கி, மொத்தமாக வருகின்றன. அவற்றின் நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரியும். அது இல்லாமல் பாதியில் அறுந்த முடி அதிகம் இருந்தாலோ, நெற்றியோரம் முன்பைவிட மெலிந்திருந்தாலோ, அன்றே அடுத்த செட்டைப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள்.