ரியூசன் விடும்வரை

வெள்ளவத்தையில் மாலை 4 மணிக்குப் பிறகு, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் தாய்மாரைக் காணலாம். பிள்ளை மேல்மாடியில் ரியூசன் வகுப்பில் இருக்கும். தாய் கீழே மதிலோரமாக, தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் மடியில் வைத்தபடி இரண்டு மணித்தியாலம் காத்திருப்பார்.

அப்படிக் காத்திருந்த ஒருவருடன் ஒருநாள் கதைத்தேன். வவுனியாவிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருப்பவர், வயது 34. மகன் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறான். "பின்னக் கணக்கு கேக்கிறான் அன்ரி. எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. ரீச்சரிட்டக் கேள் எண்டு அனுப்பிப்போட்டு இதிலை இருக்கிறன்" என்றார்.

அவரை 57ஆவது ஒழுங்கைக்குக் கூட்டிப்போனேன். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. நூல் வெளியீட்டுக்கும் விழாக்களுக்கும் போகிற இடம் என்றே பலர் அதை நினைக்கிறார்கள். உள்ளே நூலகம் இருப்பது அவருக்கும் தெரியாது. "நான் படிக்கிற ஆள் இல்லையே" என்று வாசலிலேயே நின்றார். முதல் நாள் பேப்பர் மட்டும் பார்த்தார். அடுத்த கிழமை மகனுடைய கணிதப் புத்தகத்தையும் பாதி எழுதிய பழைய கொப்பியையும் கையோடு கொண்டுவந்தார்.

முக்காலோடு எட்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். பென்சிலைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு கைப்பைக்குள் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து நாலாக மடித்தார், விரித்துப் பார்த்தார், இன்னொருதரம் மடித்து எட்டாக்கினார். நகத்தால் ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். ஆறு, அதோடு ஒன்று, ஏழு. "அடியிலை இருக்கிறதை ஒண்டாக்கினால் சரி, என்ன அன்ரி?" என்று கேட்டார். அவரைவிட எனக்குத்தான் அன்று சந்தோசம் கூட.

நானும் வளர்ந்தபிறகு இப்படிப் படித்தவள்தான். பிறந்தது கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில். சிங்களம் பேச வரும், எழுத்து வாசிக்க வராது. வரும் கடிதங்களையெல்லாம் அடுத்த வீட்டாரிடம் கொடுத்து வாசிப்பித்தே எனக்கு 38 வயதாகிவிட்டது. 1996இல் ஒருநாள் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, நகர மண்டபத்தடியில் இறங்கி, விகாரமகாதேவி பூங்கா ஓரமாகப் பொது நூலகத்துக்கு நடந்தேன். 1925இல் ஆரம்பித்து, 1980இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்த நூலகம் அது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். சிறுவர் பகுதியில் யானைப் படம் போட்ட சிங்களப் புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டினேன். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணொன்று நான் பிழையாக வாசித்த சொல்லைத் திருத்தியது. ஆறு மாதத்தில் என் கடிதங்களை நானே வாசித்தேன். அந்த வயதில் எந்த வகுப்பில் என்னைச் சேர்த்திருப்பார்கள்?

கொட்டாஞ்சேனைக்காரர் எவரும் டொமினிக் ஜீவாவை நினைக்காமல் தானாகப் படிப்பதைப் பற்றிப் பேச முடியாது. பள்ளிப் படிப்பு இடையில் நின்று, யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். வாசித்து வாசித்தே எழுத்தாளரானார். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்தச் சஞ்சிகை எங்கள் கொட்டாஞ்சேனை இருக்கும் கொழும்பு 13இல், ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகத்தில் அந்த இதழ்களை இன்று காசில்லாமல் வாசிக்கலாம். பிள்ளைகள் வெளிநாடு போய், தொடர்மாடியில் தனித்திருக்கும் முதியவர்கள் வெள்ளவத்தையில் நிறையப் பேர். மின்னூலகத்தைத் திறக்கவும் எழுத்தைப் பெருப்பிக்கவும் யாராவது பக்கத்தில் இருந்து காட்டினால் போதும், மிச்சத்தை அவர்களே பார்ப்பார்கள். அந்த 'யாராவது' நூலகத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

ஆள் இருந்தால் மட்டும் போதாது, நேரமும் பொருந்த வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வாசகருக்கு எப்போது நேரம் இருக்கிறதோ அப்போது கதவு திறந்திருக்க வேண்டும் என்றும் நான் அதை விளங்கிக்கொள்கிறேன். தாய்மாருக்கு 4 மணி தொடக்கம் 6 மணி. கடைப் பொடியன்களுக்கு இரவு 8 மணிக்குப் பிறகு, அல்லது ஞாயிறு. முதியவர்களுக்கு வெயில் ஏறமுதல். இதைக் கேட்டறிந்து நேரம் வகுப்பதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

மற்றது கையொப்பம். நம் நாட்டில் பொது நூலகங்களை உள்ளூராட்சி சபைகள் நடத்துகின்றன. ஆகவே புத்தகம் இரவல் எடுக்க, அந்த எல்லைக்குள் வசிப்பதற்கு அத்தாட்சியும், சோலைவரி கட்டுகிற ஒருவரின் பிணைக் கையொப்பமும் கேட்பது வழக்கம். புத்தகம் திரும்பி வரவேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யுத்த காலத்தில் வெள்ளவத்தை அறைகளில் வாடகைக்கு இருந்த எங்களுக்காகச் சோலைவரி கட்டுகிற எவர் கையொப்பமிடுவார்? வீட்டுக்காரர் பயந்தார். ஒரு நூலகத்தின் படிவத்தை நான் இரண்டு வருடம் நிரப்பாமலே வைத்திருந்தேன். வாடகைச் சிட்டையோ பிள்ளையின் பாடசாலைக் கடிதமோ போதும் என்று சபைகள் தீர்மானித்தால் எத்தனையோ வீடுகளுக்குள் புத்தகம் போகும்.

போன மாதம் அந்தத் தாய் அதேமாதிரி ஒரு படிவத்தோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார். மகனுக்கு என்று நினைத்தேன். பெயர் எழுதும் இடத்தில் அவருடைய பெயர்தான் இருந்தது. இப்போது சோலைவரி கட்டுகிறவள் நான். "இரு பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று ஒரு கேள்வி இருந்தது. ஐந்து மாதம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.