விருது ஒன்று, ஆண்டு மூன்று!

ஏற்காட்டில் இருக்கும் என் சகலை புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உற்சாகத்தில், தன் தெருக்காரர்களுக்கு ஒரு சினிமா வினாடி வினா நடத்தினார். முதல் கேள்வி சுலபம். 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வண்ணப் படம் எது? சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் அந்த ஸ்டுடியோவின் பழைய வளைவைத் தாண்டித்தானே வர வேண்டும்! ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று பதில் பறந்து வந்தது.

அடுத்த கேள்வியில்தான் வம்பு. "2022-ல் சிறந்த நடிகருக்கான தேசிய விருது யாருக்கு?" ஓர் அணி சூர்யா என்றது. இன்னோர் அணி ரிஷப் ஷெட்டி என்றது. சகலையின் எக்ஸெல் பட்டியலில் சூர்யா பெயர்தான் இருந்தது. மார்க் போகவே, இரண்டாவது அணி எழுந்து போய்விட்டது.

உண்மையில் இரண்டு பதிலுமே சரிதான். ‘சூரரைப் போற்று’ 2020-ம் ஆண்டுப் படம். அதற்கான 68-வது தேசிய விருதுகள் 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 30-ல் வழங்கப்பட்டன. ‘காந்தாரா’ 2022-ம் ஆண்டுப் படம். அதற்கான 70-வது விருதுகள் 2024 ஆகஸ்ட் 16-ல் அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 8-ல் வழங்கப்பட்டன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேசிய விருதுக்குக் கணக்கு, படம் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டுதான்; தியேட்டருக்கு வந்த ஆண்டு அல்ல. ‘கடைசி விவசாயி’ 2022 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. ஆனால் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்வானது 2021-க்கான 69-வது விருதுகளில்!

எனவே எக்ஸெலில் ‘ஆண்டு’ என்று ஒரே காலம் போட்டால் போதாது. எத்தனையாவது விருது, தணிக்கை ஆண்டு, அறிவித்த நாள், வழங்கிய நாள், பிரிவு, பெயர், படம் என ஏழு காலங்கள் போடுங்கள். 68-வது விருதில் சூர்யாவுடன் அஜய் தேவ்கனும் ‘தானாஜி’ படத்துக்காகப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இருவரையும் ஒரே செல்லில் திணிக்காமல், ஆளுக்கொரு வரிசை கொடுங்கள்.

தேதி டைப் செய்யும்போது கவனம் தேவை. உங்கள் விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால் 08-10-2024 என்பதை ஆகஸ்ட் 10 என்று எடுத்துக்கொள்ளும். அறிவிப்பு ஆகஸ்ட் 16, விழா ஆகஸ்ட் 10! அறிவிப்பதற்கு முன்பே விருது கொடுத்தது போல் ஆகிவிடும். 30-09-2022 கதை வேறு. 30-வது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக்கி, செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிவிடும். ‘ரீஜன்’ செட்டிங்கில் இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றிவிட்டுப் பிறகு டைப் செய்யுங்கள். ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதிகள் தாமாகத் திருந்தாது. மறுபடி டைப் செய்யத்தான் வேண்டும்.

பெயர்களை எங்கிருந்து எடுப்பது? மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம், விருது அறிவிக்கும் நாளில் பட்டியலை வெளியிடுகிறது. வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

பட்டியல் முடிந்ததும் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, ‘டேட்டா’ பகுதியில் ‘ஃபில்டர்’ கிளிக் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதன் பெயர் ‘ஆட்டோஃபில்டர்’. பிரிவில் சிறந்த நடிகரைத் தேர்வு செய்து, தணிக்கை ஆண்டில் 2022 கொடுத்தால் ரிஷப் ஷெட்டி வருவார். அதை நீக்கிவிட்டு, வழங்கிய நாளில் 2022-ஐ மட்டும் டிக் செய்தால் சூர்யாவும் அஜய் தேவ்கனும் வருவார்கள்.

சகலை இந்தப் பட்டியலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, எழுந்து போன அணியைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்.