இருட்டில் மூன்று மணி நேரம்

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகின்றதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு ஆகும். பருத்தித்துறைக் கடற்கரையில் நின்றால் அது பத்துப் பாகை உயரத்தில், கடலுக்குச் சற்று மேலே மங்கலாகத் தெரியும். பனைகளும் கூரைகளும் மறைக்கும் ஊர்களில் அதனைக் காணாமலே வளர்ந்தவர்கள் எம்மிற் பலர். ஜேர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியிலோ அது ஐம்பது பாகைக்கும் மேல். தலையை நன்றாக உயர்த்தித்தான் பார்க்கவேண்டும். கடந்த செப்ரெம்பர் மாதத்து நிலவற்ற ஓர் இரவில் நாம் இருவர் அப்படித் தலையை உயர்த்தி நின்றோம்.

என்னுடன் வந்தவர் உணவகமொன்றில் கோப்பை கழுவும் இளைஞர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கெமரா ஒன்றை வாங்கி, விடுமுறை கிடைக்கும் இரவுகளில் வானத்தைப் படம் பிடிக்கிறார். அவர் என்னிடம் படித்தவரல்லர். ஆயினும் நான் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாக இருந்தவன் என்பதால் "சேர்" என்றே அழைப்பார்.

நாம் சென்ற இடம் ட்ரைபோர்ன் மேட்டுநிலம். 2005ஆம் ஆண்டின் இறுதிவரை அது இராணுவப் பயிற்சித் திடலாக இருந்தது. இன்று ஐஃபல் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. வெடிபொருள் எச்சங்கள் நிலத்துள் இருப்பதனால் பாதையை விட்டு விலகவேண்டாம் என்று அறிவித்தல் வைத்திருக்கிறார்கள். ஜேர்மனியர்கள் அதனைப் படிக்காமலே கடந்து செல்கிறார்கள். நாம் இருவரும் நின்று படித்தோம்.

அவர் எடுக்க விரும்பியது நட்சத்திரங்கள் துருவத்தைச் சுற்றி வளையங்களாக ஓடும் படம். பூமி சுழல்வதனால் வானம் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. மூன்று மணி நேரம் திறந்திருக்கும் கெமராவில் ஒவ்வொரு நட்சத்திரமும் நாற்பத்தைந்து பாகை வில்லாகப் பதியும். முன்னர் பிலிம் காலத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒரே படமாக எடுத்தார்கள். இப்போது முப்பது விநாடிப் படங்கள் 360 எடுத்து, பின்னர் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஒரே படத்தை மூன்று மணி நேரம் பதித்தால் வானத்தின் ஒளியே அதனை வெளிறச் செய்துவிடும். யாரேனும் இடையில் வெளிச்சம் பாய்ச்சினால் முழு இரவும் வீண். துண்டு துண்டாக எடுத்தால் கெட்டவற்றை மட்டும் எறிந்துவிடலாம்.

வில்லையில் பனி படியாதிருக்க, சூட்டுப்பை ஒன்றைப் பழைய காலுறைக்குள் வைத்து அதனைச் சுற்றிக் கட்டினார். பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான், இனி எமக்கு வேலை இல்லை.

"சேர், போனை மட்டும் எடுத்திடாதேங்கோ" என்றார்.

இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு அரைமணி நேரம் வரை செல்லும். ஒரு கணத் தொலைபேசி வெளிச்சம் அதனை அழித்துவிடும். சிவப்பு ஒளி மட்டும் அதிகம் கெடுக்காது. எனவே வாசிக்க முடியாது, எழுத முடியாது. பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடிக்கலாம், இணைதேடும் ஆண் மான்கள் தொலைவில் உறுமுவதைக் கேட்கலாம், பேசலாம். நான் வால்டர் பாடேயைப் பற்றிப் பேசினேன். பழைய தொழில் வாய்விட்டுப் போவதில்லை.

பாடே 1893இல் வெஸ்ட்ஃபாலியாவில், அதாவது நாம் நின்ற இதே மாநிலத்தின் மறுகோடியில் பிறந்தவர். ஹம்பேர்க்கில் பணியாற்றிவிட்டு 1931இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்துக்குச் சென்றார். குடியுரிமைக்கான ஆரம்பப் பத்திரங்களை எடுத்திருந்தார்; வீடு மாறும்போது அவற்றைத் தொலைத்துவிட்டார்; மீண்டும் விண்ணப்பிக்கவில்லை. யுத்தம் வந்ததும் அவர் 'எதிரி நாட்டு அந்நியர்' ஆனார். 1942இல் அத்தகையோருக்கு அங்கே விதிக்கப்பட்ட கட்டளை: இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது, வீட்டிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் செல்லக்கூடாது. இரவில் மட்டுமே வேலையுள்ள ஒரு மனிதருக்கு ஊரடங்குச் சட்டம்! வானாய்வகப் பணிப்பாளர் வால்டர் ஆடம்ஸ் அதிகாரிகளுடன் பேசி விலக்குப் பெற்றுக்கொடுத்தார்.

அதன்பின் அவருக்கு வாய்த்ததைப் போன்ற இரவுகள் எவருக்கும் வாய்த்ததில்லை. ஏனைய வானியலாளர் பலர் யுத்த வேலைகளுக்குப் போய்விட்டனர். அன்று உலகிலேயே மிகப்பெரியதாக இருந்த நூறு அங்குலத் தொலைநோக்கி அவர் கையில். கீழே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் குண்டுவீச்சுக்கு அஞ்சி விளக்கணைத்துக் கிடந்தது. சிவப்பு ஒளியை உணரும் தகடுகளை அவர் பயன்படுத்தினார். அவை மந்தமானவை, மணிக்கணக்கில் ஒளிபட வேண்டியவை. குளிரக் குளிரக் கண்ணாடியின் வடிவம் மாறும்; குவியம் பிசகும். எனவே வழிகாட்டி நட்சத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையால் திருத்திக்கொண்டே இருந்தார். அதுவரை வெறும் மூட்டமாகவே தெரிந்த அந்திரொமீடா மண்டலத்தின் மையம் அவருடைய தகடுகளில் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரிந்தது. நட்சத்திரங்களில் இரு குடிகள் உண்டு என்று 1944இல் எழுதினார். 1952இல் ரோம் நகரில், அந்திரொமீடா அதுவரை நம்பியதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் இருக்கிறது என்று அறிவித்தார்.

"பேப்பர் துலைச்சவரே?" என்று மட்டும் கேட்டார் தம்பி. பிறகு சிரித்தார்.

விளக்கணைந்த நகரம் எமக்குப் புதிதன்று. 1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த சிறுவனாகிய எனக்கு முற்றத்திலேயே பால்வெளி தெரிந்தது. ஆனால் அண்ணாந்தபோது பார்த்ததிலும் கேட்டதே அதிகம். இரைச்சல் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதே அன்றைய எங்கள் வானியல்.

நள்ளிரவுக்குப் பின்னர் கார் ஒன்று வந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. அதன் விளக்குகள் எம்மீதும் கெமராவின் மீதும் நேராக விழுந்தன. தம்பியின் கை, கெமராவை மறைக்கப் போகாமல், சட்டைப்பையில் இருந்த தற்காலிகத் தங்கும் அனுமதிப் பத்திரத்துக்குச் சென்றது. காரில் வந்தவர் நாயை இறக்கிச் சிறுநீர் கழிக்கவிட்டு, கையசைத்துவிட்டுப் போய்விட்டார். ஆறு படங்கள் வெள்ளையாகிப் போயின.

அதன் பின்னரே அவர் தம் கதையைச் சொன்னார். முகம் தெரியாத இருட்டில் வாய் திறக்கிறது. 2009இல் அவருக்குப் பதின்மூன்று வயது. புதுமாத்தளனிலிருந்து தாயுடன் தண்ணீரைக் கடந்தது எந்தத் தேதியில் என்று விசாரணையில் கேட்டார்கள். முதலில் ஏப்ரல் 5 என்றார். சில மணி நேரம் கழித்து ஏப்ரல் 20 என்றார். முரண்பாடு என்று எழுதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்குத் தவணை இன்னமும் வரவில்லை.

"தேதி எனக்கு எப்பிடித் தெரியும் சேர்? தண்ணிக்குள்ளை நிக்கேக்கை விடியப்புறம் மெல்லிய பிறை ஒண்டு எழும்பினது. அம்மா அதைப் பாத்துக் கும்பிட்டவ. அதுதான் ஞாபகம்."

நான் விரல்விட்டு எண்ணினேன். 2009 மே மாதம் பௌர்ணமி 9ஆம் திகதி. அதற்கு முந்திய பௌர்ணமி ஏப்ரல் 9. அமாவாசை ஏப்ரல் 25. அப்படியாயின் ஏப்ரல் 5இல் நிலவு வளர்பிறை. மாலையிலேயே வானத்தில் இருந்து விடியுமுன் மறைந்துவிடும். விடியற்காலையில் மெல்லிய பிறை எழுவது தேய்பிறையின் கடைசி நாட்களில் மட்டுமே. ஏப்ரல் 20 அதற்குப் பொருந்துகிறது. 5 பொருந்தாது.

சிவப்பு விளக்கை ஏற்றச் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தில் பௌர்ணமி, அமாவாசைத் திகதிகளை எழுதி, வானாய்வக அட்டவணையோடு சரிபார்த்துச் சட்டத்தரணிக்குக் கொடுக்கவேண்டும் என்று கீழே கோடிட்டேன். நீதிமன்றம் அதனை ஏற்குமா என்பது வேறு விடயம். விசாரணை அறையில் யாரும் அவரிடம் வானத்தைப் பற்றிக் கேட்கவில்லை; அவரும் அதனைச் சாட்சியாக எண்ணவில்லை.

இரண்டு மணிக்குக் கெமரா நின்றது. காலுறை நனைந்திருந்தது. வடகிழக்கே கொலோன் நகரின் ஒளி மேகங்களின் அடியில் செம்மஞ்சளாய்ப் படிந்திருந்தது. அங்கே ஏழு மணிக்கு அவருக்குச் சமையலறை. பக்கத்தைக் கிழித்து மடித்து, அனுமதிப் பத்திரத்துடன் சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரை எடுத்தார்.